கொல்லாவிளை ரீடிங்

ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும்
முதல் வேலை துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிக் கட்டுவது.
ஆனி பிறந்துவிட்டால் இந்தக் கணவாயில்
காற்று ஆளைக் கேட்டு வீசாது.
முப்பத்தொன்பது வீடு, இரண்டு கடை, ஒரு வேதக்கோயில்,
தண்ணீர்த் தொட்டி மோட்டார்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து
இந்த ஊர் எவ்வளவு எரிந்தது என்று
கையிலிருக்கும் கருவியில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

வடமேற்கே மலைக்குள்ளே
கோதையாற்றுத் தண்ணீர் குழாயில் தலைகுப்புற விழுந்து
எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் வயலுக்குப் போகிறது.
ராத்திரி மொட்டைப்பாறைமேல் ஏறினால்
கூடங்குளம் இருக்கிற பக்கம்
வானம் கொஞ்சம் வெளுத்துக் கிடக்கும்.
மற்றபடி சுற்றிலும் காத்தாடி.
எண்ணுவதை விட்டுவிட்டேன், அதற்குச் சம்பளம் கிடையாது.
போன வருஷம் வேதக்கோயில் கூரையில்
சூரியத் தகடு பன்னிரண்டு பதித்தார்கள்.
ஒன்றில் மட்டும் கிரிக்கெட் பந்து பட்ட விரிசல்;
அடித்தவன் யாரென்று உபதேசியாருக்குத் தெரியும்,
அவர் மகன்தான்.

இத்தனைக்கும் நடுவில்
லிங்கம்மையின் மிக்ஸி
விளக்கு வைக்கிற நேரத்தில் முனகி
தேங்காயைப் பாதியில் விட்டுவிடுகிறது.
"வோல்டேஜ் இல்ல பிள்ளே.
மிச்சத்த அம்மியில அரைச்சேன்,
அதையும் சேத்து எழுதிராத."

ஊர்க்கோடியில் நாற்பத்தொன்றாம் நம்பர் காத்தாடி.
அதன் மீட்டர் என் கணக்கில் இல்லை,
அதற்குப் பெரிய ஆபீஸிலிருந்து கார் வரும்.
காவலுக்கு இருக்கும் பகவதியப்பன்
ஒருநாள் கம்பிவலைக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னார்:
அதில் இரண்டு கணக்காம்.
கொடுத்தது ஒன்று, வாங்கியது ஒன்று.
"இதுவும் வாங்குமா?"
"காத்து இல்லாதப்ப உள்ள லைட்டு எரியாண்டாமா?
நம்ம லயன்லதான்."
என் கருவியைப் பார்த்தேன்.
வாங்கியதற்கு மட்டும் கட்டம் இருந்தது.

இன்றைக்குக் காற்று வேலிக்கல்லையே சாய்க்கிறது,
நாற்பத்தொன்று கை கட்டி நிற்கிறது.
"நிறுத்தச் சொல்லிட்டாவ. கரண்டு கூடிப் போச்சாம்."
எங்கே கூடிப்போனது என்று
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதற்குப் பின்னால் ரோஸ்லெட் வீடு.
புறம்போக்கு. பட்டா இல்லை, அதனால் நம்பர் இல்லை,
நம்பர் இல்லாததால் மீட்டர் இல்லை.
தோவாளைச் சந்தைக்குப் பிச்சிமொட்டு கட்டுகிறாள்,
எப்போதும் சுவருக்கு முதுகு காட்டி.
நாலரை மணி வெயிலில்
இறக்கைகளின் நிழல் அந்தச் சுவரில் விழுந்து
ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரி
அணைந்து எரிந்து அணைந்து எரியும்.
"கரண்டு இல்லாத வீட்டுல
லைட்ட ஆஃப் பண்ண வழியில்ல பாத்தியா" என்பாள்.
பிறகு ஒவ்வொரு தடவையும்,
"எனக்க வீட்டுக்கு எவ்வளவு?"
நானும் ஒவ்வொரு தடவையும்,
"கதவு பூட்டியிருந்ததுன்னு போட்டிருக்கேன்."
இருவரும் சிரிப்போம். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

இன்றைக்கு அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.
ஒற்றை இறக்கையின் நிழல்
சன்னலிலிருந்து அடுப்பு வரை அசையாமல் கிடந்தது.
அதன் ஓரத்தில், அடுப்புக்கரியால்,
மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு.
பூவில் படாமல்
கறுத்த விரலை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தாள்.
"ரீடிங் எடுத்து வச்சிருக்கேன். எழுதிக்கோ."

சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.
கருவியை எடுத்தேன்,
அது சர்வீஸ் நம்பர் கேட்டது.
பூஜ்யம் அடித்தேன், ஏற்கவில்லை.
ஒன்பதுகளாக அடித்துப் பார்த்தேன்.

வெளியே பகவதியப்பன் யாருக்கோ சத்தம் கொடுத்தார்,
"ஓடத் தொடங்கிட்டு!"
தலைக்கு மேலே ஒரு பெருமூச்சு திரும்பியது.
நிழல் கோட்டைவிட்டு நகர்ந்தது, மெதுவாக,
பிறகு மெதுவாக இல்லை.
ரோஸ்லெட் முதுகைத் திருப்பிக்கொண்டு
விட்ட இடத்திலிருந்து மொட்டை எடுத்தாள்.
அஞ்சேகால் பஸ் போயிருக்கும்.